வீட்டு பி.பி. மெஷின்: வாங்கலாம், ஆனால் கை அளவைப் பார்த்து வாங்குங்கள்

போன தீபாவளி கழிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின் வாங்கினோம். மேல்கையில் கஃபை, அதாவது காற்றடைக்கும் பட்டையை, சுற்றி பட்டனை அழுத்தினால் தானே காற்றடித்து, தானே இறக்கி, மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் காட்டுகிற வகை. விலை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, 71 வயது. ரொம்ப வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை பார்க்கிறார், 52 வயது. எனக்கு 47. சங்கரன்கோவிலில் சின்னதாக லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். மகள் திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாள். இந்த மெஷினை வாங்க வைத்தவளும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று எங்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வயது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டிய பொருள். கொடுத்த காசுக்கு மேலேயே பயன் இருக்கிறது. ஆனால் பெட்டியில் வந்த கஃப் எங்கள் வீட்டு மூன்று பேரில் ஒருவருக்குப் பொருந்தவே இல்லை. அந்த ஒருவர் நான். அதை விற்கும்போது யாரும் சொல்வதும் இல்லை.

கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் நன்றாகச் சோதிக்கப்பட்டதாக இருக்கும், அதன் பக்கத்தில் 500 ரூபாய் குறைவாக வைத்திருக்கும் இன்னொரு மாடல் சோதிக்கப்படாததாக இருக்கும். ஆகவே கம்பெனியைக் கேட்காமல் மாடல் எண்ணைக் கேட்க வேண்டும். ரத்த அழுத்த நிபுணர்கள் சேர்ந்து நடத்தும் ‘ஸ்ட்ரைடு பி.பி.’ என்ற இணையதளம் இருக்கிறது. முறையான சோதனையில் தேறிய மாடல்களை அங்கே பட்டியல் போட்டிருக்கிறார்கள். மேல்கை, மணிக்கட்டு, கர்ப்பிணிகள், குழந்தைகள் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். இப்போதுள்ள உலகத் தரத்தின்படி ஒரு மாடலைக் குறைந்தது 85 பேரின் கையில் கட்டி, பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். என் மகள் கடைக்குப் போகும் முன்பே போனில் அந்தப் பட்டியலைத் திறந்து மூன்று மாடல் எண்களைக் குறித்து வைத்திருந்தாள். கடையில் முதலில் எடுத்து நீட்டியது அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. “இதுதாங்க நல்லா ஓடுது” என்றார்கள். நாங்கள் எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உள்ளே போய் வேறொரு பெட்டியை எடுத்து வந்தார்கள்.

மாடல் எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று நானும் கேட்டேன். கஃபால் கையை இறுக்கி அழுத்தத்தை அளக்கும் முறையை 1896ல் ரிவா-ரோச்சி என்ற இத்தாலிய மருத்துவர் கொண்டுவந்தார். 1905ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர், முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கும் சத்தமும் அது அடங்குவதும் கேட்கும், அவைதான் மேல் அளவும் கீழ் அளவும் என்று கண்டு சொன்னார். நாம் சின்ன வயதில் பார்த்த பாதரச மெஷின் அந்த முறைதான். டிஜிட்டல் மெஷின் எந்தச் சத்தத்தையும் கேட்பதில்லை. கஃப் இறுகித் தளரும்போது ரத்தக்குழாயின் துடிப்பு கஃபுக்குள் ஏற்படுத்தும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பிடிக்கிறது. அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் ஒரு கணக்குப் போட்டு வரவழைக்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தம், வெளியே சொல்ல மாட்டார்கள். கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ள மனிதர்கள் கையில் கட்டிச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி கஃப். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் வந்த கஃபின் ஓரத்தில் 22 முதல் 32 சென்டிமீட்டர் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. எங்கள் இஞ்ச் டேப் கணக்கில் எட்டே முக்கால் முதல் பன்னிரண்டரை வரை. தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்தால் வரும் அளவு அது. அத்தையின் கை ஒன்பதரை. வீட்டுக்காரருக்குப் பதினொன்று. எனக்குப் பதிமூன்றே கால், அதாவது கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர்.

என்னுடையது ஏதோ அபூர்வமான கை கிடையாது. ப்ளவுஸ் தைக்க அளவு கொடுக்கிற பெண்களுக்கு தினமும் டேப் பிடிக்கிறவள் நான். இரண்டு பிள்ளை பெற்று, நாற்பது தாண்டி, உட்கார்ந்தே வேலை பார்க்கிற பெண்களின் மேல்கை பதிமூன்று, பதிமூன்றரை, பதினான்கு என்று வருவது வெகு சாதாரணம். அதாவது பி.பி. வர வாய்ப்பு அதிகமுள்ள அதே வயதுப் பெண்களுக்குத்தான் பெட்டியில் வரும் கஃப் பத்தாமல் போகிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, “எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தான், இழுத்து ஒட்டினா ஒட்டும்” என்றார். ஒட்டத்தான் செய்தது. பத்தாத ப்ளவுஸ் கையை இழுத்து ஹூக் மாட்டுவது போல ஒட்டியது.

கஃப் சின்னதாக இருந்தால் பி.பி. உள்ளதை விட அதிகமாகக் காட்டும். பெரிதாக இருந்தால் குறைவாகக் காட்டும். எவ்வளவு என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 195 பேரிடம் செய்து 2023ல் வெளியிட்டது. ‘லார்ஜ்’ கஃப் தேவைப்படுபவர்களுக்குச் சாதாரண கஃபில் எடுத்தபோது மேல் அளவு சராசரியாக 5 வரை கூடியது. அதற்கும் பெரிய ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ தேவைப்படுபவர்களுக்குக் கிட்டத்தட்ட 20 கூடியது. 120 இருக்கிறவருக்கு 140 என்று காட்டினால் ஆரோக்கியமான ஒரு ஆள் நோயாளி ஆகிவிடுகிறார், அவருக்கு மாத்திரையும் எழுதிவிடுவார்கள். ஒல்லியான கைக்கு நேர்மாறு. அங்கே உள்ளதைக் குறைத்துக் காட்டி நோயை மறைத்துவிடும்.

எனக்குச் சாதாரண கஃபில் மேல் அளவு 138, 141 என்று வந்துகொண்டிருந்தது. அதே மாடலுக்கான 22 முதல் 42 வரையிலான பெரிய கஃபைத் தனியாக வரவழைத்து மாட்டிய பிறகு 130ஐ ஒட்டியே நிற்கிறது. அந்தக் கஃபுக்கு மட்டும் தனியாக நல்ல விலை கொடுக்க வேண்டியிருந்தது. சில மாடல்களில் பெட்டிக்குள்ளேயே 22–42 கஃப் வருகிறது. குடும்பத்துக்கு ஒன்று வாங்குபவர்கள் அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குவதுதான் சிக்கனம்.

கஃபைப் பற்றி இன்னொன்று, தையல்காரி என்ற முறையில் எனக்கு உறுத்துவது. இப்போது முழங்கை வரை நீண்ட, உடம்போடு ஒட்டிய கை வைத்துத்தான் எல்லோரும் ப்ளவுஸ் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் அதோடுதான் போகிறார்கள். அங்கே இருக்கிற கூட்டத்தில் துணிக்கு மேலேயே கஃபைக் கட்டுகிறார்கள், அல்லது கையை மேலே சுருட்டி விடுகிறார்கள். சுருட்டிய கை கயிறு மாதிரி மேல்கையை இறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டுமே தப்பு. கஃப் வெறும் தோலில் இருக்க வேண்டும், அதற்கு மேலே கையை எதுவும் இறுக்கக் கூடாது. பி.பி. பார்க்கப் போகிற அன்றைக்குத் தளர்ந்த கை உள்ள சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போங்கள் என்று என்னிடம் தைக்க வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.

சரி, கஃப் பொருந்திவிட்டது. அடுத்தது உட்காரும் விதம். அத்தை முதலில் எப்படி உட்கார்ந்தார் என்றால், கட்டில் விளிம்பில், முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல், கால்கள் தொங்க, கையை மடியில் வைத்துக்கொண்டு. வாயும் ஓயவில்லை. “ஏட்டி, இது ஏன் கையை இந்த நெரி நெரிக்குது?” என்று மெஷின் ஓடி முடிகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்: “ஆச்சி, பேசினாலே பி.பி. ஏறும். முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.” நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்தோம். பக்கத்தில் மேஜை போட்டு, மேலே தலையணை வைத்து, கஃப் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி கையை அதில் கிடத்தினோம். கை வைக்கிற இடத்துக்குக்கூட இன்று எண் இருக்கிறது. 2024ல் வந்த இன்னொரு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், மேஜையில் கை வைத்து எடுத்ததை விட மடியில் வைத்து எடுத்தால் மேல் அளவு 4 வரையும், பக்கவாட்டில் தொங்கவிட்டு எடுத்தால் 6 அல்லது 7 வரையும் கூடியது.

காபி, புகை, வேகமான நடை எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரவே கூடாது. டி.வி.யை அணைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. மெஷினை முதன்முதலாகப் பயன்படுத்தும்போது இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமாக வருகிறதோ அந்தக் கையையே வைத்துக்கொள்ள வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் கட்டவே கூடாது. மார்பக அறுவை சிகிச்சை ஆனவர்கள் எந்தக் கையில் கட்டலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் அளவு மாற்றித் தைக்க வருகிற இரண்டு மூன்று பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், அதற்குப் பதில் நோட்டில் இருக்கிறது. வீட்டு அளவை மருத்துவர் நம்ப வேண்டுமென்றால் எழுதும் முறை ஒன்று உண்டு. காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்பு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. சாயங்காலமோ இரவோ அதே மாதிரி இரண்டு தடவை. ஏழு நாள் இப்படி எழுதி, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு, மீதிக்குச் சராசரி போட வேண்டும். அந்தச் சராசரிதான் உங்கள் பி.பி. நடுவில் ஒரு தடவை வந்த 148ஐயோ 112ஐயோ பிடித்துக்கொண்டு கவலைப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

வீட்டுக்காரர் விஷயத்தில் இந்த நோட்டுதான் கைகொடுத்தது. எப்போது கிளினிக்கில் பார்த்தாலும் அவருக்கு 150ஐத் தாண்டி, கீழே 95 பக்கம் நிற்கும். மாத்திரை ஆரம்பிக்கலாம் என்ற பேச்சு வந்த சமயத்தில்தான் மெஷின் வீட்டுக்கு வந்தது. வீட்டுச் சராசரி 126க்கு 80. நோட்டைப் பார்த்த மருத்துவர் தன் மெஷினிலும் எங்கள் மெஷினிலும் ஒரே கையில் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். அங்கே இரண்டுமே உயரத்தான் காட்டின. ஆக மெஷினில் கோளாறு இல்லை, மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் இவருக்குத்தான் ஏறுகிறது. இதற்கு வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம் என்று பெயரே இருக்கிறது. கிளினிக்கில் 140க்கு 90 என்பது எல்லை என்றால், வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135க்கு 85 எல்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உப்பைக் குறையுங்கள், நடங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை இதே போல ஒரு வாரம் எழுதிக் கொண்டு வாருங்கள், ஏனென்றால் இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் நிஜமாகவே பி.பி. வர வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்றார்.

அத்தைக்கு இதற்கு நேர் எதிர். அவருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தத் திட்டத்துக்காக எங்கள் தெருவுக்கு வருகிற தங்கச்சி பையில் பி.பி. மெஷினும் சர்க்கரை பார்க்கிற கருவியும் வைத்திருப்பாள். அத்தையின் முட்டி வலி, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் போவாள். நடக்கச் சிரமப்படுகிற வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அவள் பார்க்கும்போதெல்லாம் அத்தைக்கு 130 சொச்சம்தான். ஆனால் அவள் வருவது பத்து, பதினோரு மணிக்கு, அத்தை மாத்திரை போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு. நாங்கள் விடியற்காலையில் மாத்திரைக்கு முன்னால் எடுத்தபோது வாரச் சராசரி 158. இந்த நேரத்து அளவு வீட்டில் மெஷின் இருந்தால் மட்டுமே கிடைக்கும்.

நோட்டை அரசு ஆஸ்பத்திரி மருத்துவரிடம் காட்டினோம். எண்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க பாட்டி?” அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த வலி மாத்திரையை எடுத்துக் காட்டினார். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கி, முட்டிக்காக தினமும் ஒன்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைத்து பி.பி.யை ஏற்றும், பி.பி. மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்று அவர் விளக்கினார். அதை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் பாராசிட்டமால், முட்டிக்குத் தினமும் செய்ய வேண்டிய சில பயிற்சிகள், பி.பி. மாத்திரையின் அளவில் சின்ன மாற்றம் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது காலைச் சராசரி 136 பக்கம் வந்திருக்கிறது. வலி மாத்திரையைச் சீட்டு கேட்காமல் வயதானவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

மாத்திரை கூட்டிய பிறகு வயதானவர்களுக்கு நின்ற நிலையிலும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து ஒரு அளவு எடுத்துவிட்டு, எழுந்து நிற்க வைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10, அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான் நடக்கிறது. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மெஷினின் மற்ற விஷயங்கள். திரையில் எண்கள் பெரிதாக இருக்கின்றன, அத்தை கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். ஆனால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் இல்லாததால் விடியற்காலையில் லைட் போட்டாக வேண்டும். நான்கு பென்சில் பேட்டரி, நல்லதாகப் போட்டால் மாதக்கணக்கில் வருகிறது. கரண்டில் போடும் அடாப்டர் தனி விலை, எங்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு பேருக்குத்தான் தனித்தனியாகக் கணக்கு வைக்கும், மூன்றாவது ஆள் பட்டனை அழுத்தினால் வேறொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். போன் ஆப்போடு இணைக்கும் வசதியும் இருக்கிறது. மகளைத் தவிர யாரும் தொடவில்லை, மருத்துவரும் நோட்டைத்தான் கேட்டார். கூட வந்த விளக்கப் புத்தகத்தில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தன, தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் இத்தனை மெஷின் விற்கிறவர்கள் உட்காரும் முறையைப் பற்றி மட்டுமாவது ஒரு பக்கம் தமிழில் படத்தோடு அச்சடிக்கக் கூடாதா? வீட்டில் நர்சிங் படிக்கிற பிள்ளை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

மணிக்கட்டில் கட்டும் மெஷின் பார்க்க அழகாக, சிறிதாக இருக்கிறது என்று என் வாடிக்கையாளர் ஒருவர் வாங்கினார். மணிக்கட்டைச் சரியாக நெஞ்சு உயரத்துக்குப் பிடிக்காவிட்டால் எண் எங்கெங்கோ போகிறது. மேல்கைக்கு எந்தக் கஃபுமே பொருந்தாதவர்களுக்கு அது ஒரு மாற்று, மற்றபடி மேல்கைதான். கைக்கடிகாரத்திலும் மோதிரத்திலும் பி.பி. காட்டுகிறோம் என்று வருகிற விளம்பரங்களை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். கஃப் இல்லாத கருவிகளை வைத்து நோயைக் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் தன் 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

இந்த மெஷினால் வருகிற கெடுதல் ஒன்றே ஒன்றுதான், பயம். கொஞ்சம் கூடக் காட்டியதும் உடனே இன்னொரு தடவை, பயத்தில் அது இன்னும் கூடக் காட்டியதும் மறுபடியும் என்று ராத்திரி முழுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும். படபடப்பு அதிகமுள்ளவர்கள் வீட்டில் மெஷினை இன்னொருவர் பொறுப்பில் வைத்துக்கொள்வது நல்லது. 180க்கு 120 என்ற அளவைத் தொட்டால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்து போவது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது என்று எதுவும் இருந்தால் 108க்குப் போன் செய்யுங்கள். வேறு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அவசரமாக மாத்திரையை இரட்டிப்பாக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். கை கால் விழுவது, பேச்சு குழறுவது இருந்தால் மட்டும் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காமல், பி.பி. எவ்வளவு என்று பார்க்காமலே கிளம்பிவிட வேண்டும்.

பி.பி. இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்து 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு மேல். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. “எனக்குத் தலைசுற்றவே இல்லையே” என்று சொல்கிறவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை, நாற்காலியில் உட்காரச் சொல்லி கஃபைக் கட்டிவிடுகிறேன்.

உப்பு விஷயம் சுருக்கமாக. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு சின்ன ஸ்பூன். எங்கள் வீட்டில் சமையல் உப்பை விட மோர் மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் கருவாடும்தான் கணக்கை ஏற்றின. அவற்றைத் தினமும் இல்லாமல் எப்போதாவது என்று மாற்றினோம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் வருவதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். துடிப்பு ஒழுங்காக இல்லை என்று காட்டும் குறி ஒன்று சில மெஷின்களின் திரையில் வரும். கையை அசைத்தாலும் வரும், ஆகவே ஒரு தடவை வந்தால் பயப்பட வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், பக்கவாதத்துக்குக் காரணமாகிற ஒரு வகை இதயத் துடிப்புக் கோளாறு இப்படித்தான் சிலரிடம் முதலில் தெரிய வருகிறது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவர்களிடம் தனியாகச் சோதித்துத் தேறிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வரும் பி.பி. தாயையும் பிள்ளையையும் வேகமாகப் பாதிக்கக்கூடியது. அந்த நேரத்தில் சில மெஷின்கள் உள்ளதை விடக் குறைத்துக் காட்டிவிடும். வளைகாப்புக்கு ப்ளவுஸ் தைக்க வருகிற பிள்ளைகளிடம் இதையும் சொல்கிறேன். 140க்கு 90ஐத் தொட்டாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல் வயிறு வலித்தாலோ அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.